படியேறித் திட்டினால்

பர்வதி குன்றின் அடிவாரத்தில் சோளம் சுடும் வாசனை வந்தது. உடனே சின்ன வயதில் கேட்ட அம்மாவின் குரலும் காதில் வந்துவிட்டது.

இருதயம், நுரையீரல், மனசு மூன்றுக்கும் சேர்த்துப் பயிற்சி வேண்டும், தினமும் படி ஏறுங்கள் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அம்மா இதை எந்த டாக்டரையும் கேட்காமலே செய்தாள். ஒரு வாரம் தங்க வந்த பெரியப்பா எங்கள் இரண்டு அறை வீட்டில் வருஷக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் அவள் வாய் திறக்க முடியாது. மராத்தி பேசும் இந்த ஊரில், இந்தப் படிகளில் தமிழில் எவ்வளவு கத்தினாலும் அப்போது யாருக்கும் புரியாது.

"உங்கண்ணனுக்கு மூணாவது காபி கேக்குது. தம்ளரைக் கழுவ மட்டும் கை வராதா?"

பின்னால் வந்த அப்பாவுக்கு இரைக்கும். "மெதுவாப் பேசுடி, மூச்சு வாங்கும்."

"எனக்கா வாங்குது? எல்லாத்தையும் முழுங்கிட்டு ஏறுறீங்களே, உங்களுக்குத்தான்."

உச்சியில் ஈரக்கல்லில் உட்கார்ந்து நீளமாக மூச்சு விடுவாள். இறங்கியதும் எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்த சோளத்தைக் கடித்துச் சிரிப்பாள்.

இன்று பாதிப் படியில் எனக்கு இரைத்தது. நின்றேன். என் வேலையைத் தன் வேலையாகக் காட்டிய சாகணில் இருக்கும் எங்கள் தொழிற்சாலை மேனேஜர் ஞாபகத்துக்கு வந்தான். அம்மா மாதிரியே வாய்விட்டுத் திட்டிக்கொண்டு ஏறினேன். கால் தானாகப் போனது.

முன்னால் போன இளைஞன் திரும்பினான். வாயை மூடிக்கொண்டேன்.

"நிறுத்தாதீங்ணா," என்றான் கோயம்புத்தூர்த் தமிழில். "எங்க ஆபீஸ்லயும் இப்பிடி ஒருத்தன் இருக்கானுங்ணா."

மாறி மாறித் திட்டிக்கொண்டே ஏறினோம். உச்சிக்கு வந்த பிறகுதான் அவன் பெயரைக் கேட்டேன். கேட்க மூச்சு மிச்சம் இருந்தது.