தீனிக்காரனும் தீனக்காரனும்

தளர்ந்துபோன இதயத்துக்குத் துணையாக நெஞ்சுக்குள் ஒரு பம்பு வைத்திருந்தார்கள். அதன் பேட்டரியைத் தோள்பையில் சுமந்தேன். உடம்பு இளைத்தால்தான் மாற்று இதயம், அதற்கு இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார் டாக்டர்.

“வாயக் கட்டினாப் போராதா மக்கா? தீனிக்காரனுக்கு எதுக்கு ஆபரேசன்?” என்றாள், திருவட்டாற்றிலிருந்து பார்க்க வந்த மாமி. சொன்ன கையோடு ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். பத்தடி நடந்தாலே மூச்சு வாங்குகிறவன் வாயைக் கட்டினால் மட்டும் எப்படி இளைப்பான் என்று யோசிக்கவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து, பெல்ட்டில் புதுத் துளைகள் போட்ட பிறகு, அதே சிப்ஸோடு மறுபடி வந்தாள். “அய்யோ, தீனக்காரன் மாதிரி ஆயிட்டியே மக்கா!” தீனம் என்றால் எங்கள் ஊரில் நோய்.

பத்தடி நடக்க முடியாதபோது நான் தீனிக்காரன். அவளுக்கு வாசற்கதவைத் திறக்க நானே நடந்து வந்தேனே, அன்றைக்குத் தீனக்காரனாம்!