கடல் வரை போன அணிவகுப்பு

ராணுவத்தில் சேருவதற்கு முன்பே நான் ஒரு படையை நடத்திக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், உண்மைதான். மயிலாப்பூர்க் கடலோரத்தில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலை ஒட்டிய பள்ளிக்கூட மைதானம்தான் என் பாசறை. அரை டிராயர் போட்ட பையன்கள்தான் என் சிப்பாய்கள். சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. ஊரில் எல்லாப் பையன்களும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விறைப்பாக நடந்த காலம். பள்ளிக்கூடத்தில் கேடட் பிரிவு ஒன்றை ஆரம்பித்துவிட்டார்கள், ஆனால் டிரில் வாத்தியாருக்கு மூட்டு வலி. நான் அப்போது பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன், கல்லூரிப் படையில் பயிற்சியும் எடுத்திருந்தேன். "நீ வந்து பார்த்துக்கோயேன்" என்று கூப்பிட்டார்கள். சம்பளம் கிடையாது, சனிக்கிழமைகளில் சுண்டல் உண்டு. நான் சுண்டலுக்காகப் போகவில்லை, ஆனால் சுண்டல் நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் துப்பாக்கிகள் எல்லாம் மரம். கோவில் பெஞ்சு செய்த ஆசாரி மிச்சப் பலகையில் அறுத்துக் கொடுத்தவை. அதைத் தோளில் சாத்திக்கொண்டு, கஞ்சி போட்டு மொறமொறவென்று நிற்கும் காக்கி டிராயரில் பையன்கள் வந்து நின்றால், எனக்கு என்னவோ பெரிய சேனைக்கே தளபதியான நினைப்பு. பாதிப் பேர் எங்கள் பங்குப் பிள்ளைகள். மீதிப் பேரில் குளத்தங்கரைத் தெருக்களில் இருந்து வந்த ஐயர் வீட்டுப் பையன்களும், தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். ஜவுளிக்கடைப் பையன் ஒருவன் பனைமரம் மாதிரி வளர்ந்திருந்தான். அவனை முதல் வரிசையின் ஓரத்தில் நிறுத்தி வழிகாட்டியாக வைத்திருந்தேன். அவன் போகிற பக்கம்தான் மற்றவர்களும் போக வேண்டும்.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். இன்றைக்கும் அப்படித்தான், வீட்டில் கேட்டுப் பாருங்கள். இடம் வலம் தெரியாமல் திரும்பிய ஒருவனைப் பிடித்து, "டேய், சோத்தை எந்தக் கையால சாப்பிடுற? அந்தப் பக்கம் திரும்புடா!" என்று கத்தினேன். என் நேரம், அவன் இடது கைக்காரன். மைதானமே சிரித்தது. சிரித்தவர்களை எல்லாம் வேப்பமரத்தைச் சுற்றி ஓடவிட்டேன்.

ஒரு விஷயத்தை மட்டும் அவர்கள் மண்டையில் ஆணி அடித்தமாதிரி இறக்கி வைத்திருந்தேன். அணிவகுப்பில் பக்கத்தில் இருப்பவன் மயங்கி விழுந்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் இடத்தை நிரப்பிக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும். நான் 'ஹால்ட்' என்று சொல்லாமல் எவனும் நிற்கக் கூடாது. "எதிர்ல சுவரே வந்தாலும்டா!" என்பேன். சுவர் வரத்தான் செய்யும். மைதானத்தின் கடைசியில் சுவரும், நடுவில் கடற்கரைக்குப் போகிற பின்வாசலும் இருந்தன. வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நான் 'ரைட் வீல்' கொடுப்பேன், அணி வலப்பக்கம் வளைந்து திரும்பிவிடும். ஐந்தரைக்கெல்லாம் எல்லாரையும் கலைத்துவிடுவேன். ஆறு மணிக்கு நான் வீட்டில் ஜெபத்துக்கு நிற்க வேண்டும். அது என் அப்பா போட்ட சட்டம்.

அப்பா அதே பள்ளிக்கூடத்தில் கணக்கும், ஞானோபதேசம் என்கிற வேதபாடமும் சொல்லிக் கொடுத்தவர். நான் ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு மனுப் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். வயது இருபத்தொன்று ஆகாததால் அப்பா சம்மதம் இல்லாமல் மனுப் போக முடியாது. அப்பாவோ அசைந்து கொடுக்கவில்லை.

"வாத்தியார் வேலைக்குப் போ. தப்பாக் கணக்குப் போட்டா அழிச்சுட்டுத் திரும்பப் போடலாம்," என்பார். "பட்டாளத்துல நாலு பேர் வீட்டுப் புள்ளைங்க உன் கையில இருப்பாங்கடா. அவங்களை அழிச்சுட்டுத் திரும்ப எழுத முடியுமா?"

நான் அம்மாவிடம் போய் முறையிட்டேன். "அவர் வேணாங்கிறாரே, நான் என்ன பண்றது?" என்று அம்மா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் போவது பிடிக்காத அவளுக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது. நான் நச்சரித்து நச்சரித்து, கடைசியில் அப்பா ஒரு வார்த்தை இறங்கி வந்தார். "வருஷாந்தர பரேடு வருதில்ல, நான் வந்து பார்க்கிறேன். பார்த்துட்டுச் சொல்றேன். அப்புறம் இந்தப் பேச்சை நீயும் எடுக்கக் கூடாது, நானும் எடுக்க மாட்டேன்."

அவ்வளவுதான். என் தலையெழுத்தே அந்த ஒரு சாயங்காலத்தில் தொங்கியது. பையன்களை வெளுத்து வாங்கினேன். ஐயர் வீட்டுப் பையன் ஒருவன், "அண்ணா, ஆத்துக்குப் போனா கால் ரெண்டும் தனியா நடந்துண்டே இருக்கு" என்று புலம்பினான். நடக்கட்டும் என்றேன்.

பரேடு நாளும் வந்தது. ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை. பரங்கிமலையிலிருந்து ஒரு மேஜர் பார்வையிட வருவதாக ஏற்பாடு. வடக்கத்திக்காரர், மீசை மட்டுமே ஒரு வீசை இருக்கும் என்று கேள்வி. நாலரைக்கு வர வேண்டியவர் வரவில்லை. அடையாறு பாலத்துக்குப் பக்கத்தில் ஜீப்பின் டயர் போய்விட்டதாம். நாங்கள் நின்றோம், நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். கஞ்சி போட்ட டிராயர் வியர்வையில் தளர்ந்துபோனது. பெற்றோர்கள் எல்லாம் பெஞ்சுகளில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். அப்பா முதல் வரிசையில், மடிப்புக் கலையாத வேட்டியோடு, பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே உட்கார்ந்திருந்தார்.

மேஜர் ஒருவழியாக வந்து, மேடையேறி, எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். நான் அடித்தொண்டையிலிருந்து 'குயிக் மார்ச்' கொடுத்தேன். ஆஹா, என்ன நடை! ஒரே கால், ஒரே கை. மேடையைத் தாண்டும்போது மேஜரின் மீசைக்கடியில் ஒரு சிரிப்பு தெரிந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பின்வாசலை நோக்கி அணி போய்க்கொண்டிருந்தது. 'ரைட் வீல்' கொடுக்க மூச்சை இழுத்தேன்.

அப்போது கோவில் மணி அடித்தது.

ஆறு மணி. திரிகால ஜெபத்து மணி. எங்கள் ஆட்களுக்கு அந்த மணி காதில் விழுந்தால் யோசனை என்பதே கிடையாது. சந்தைக்குப் போகிறவள் கூடையோடு நிற்பாள், சண்டை போடுகிறவன் ஓங்கின கையோடு நிற்பான். பிறந்ததிலிருந்து அப்படி. அணியில் இருந்த பங்குப் பிள்ளைகள் அத்தனை பேரும் இருந்த இடத்தில் சடக்கென்று நின்றார்கள். துப்பாக்கியைத் தரையில் ஊன்றினார்கள், தொப்பியைக் கழற்றினார்கள், தலையைக் குனிந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள் முதுகில் போய் மோதினார்கள். மோதியவர்கள் ஒரு நொடி தடுமாறிவிட்டு, நான் சொல்லிக் கொடுத்தது சொல்லிக் கொடுத்தபடியே, நின்றவனைச் சுற்றி வந்து, இடத்தை நிரப்பிக்கொண்டு, லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட் என்று போய்க்கொண்டே இருந்தார்கள்.

'ரைட் வீல்' கொடுக்க வேண்டிய நான் என்ன செய்தேன்? தொப்பியைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன்! நான் மட்டும் வேறு ஊரிலா பிறந்தேன்? அந்த மணிக்கு என் உடம்பும் அதே உடம்புதானே.

மாதாவை நோக்கிச் சொல்லும் மூன்று மங்கள வார்த்தைகளில் முதலாவது முடிந்தது. இரண்டாவது மங்கள வார்த்தையின் நடுவில், பூட்ஸ் சத்தம் கேட்காதது என் காதில் உறுத்தியது. கண்ணைத் திறந்தேன். மைதானத்தில் பாதிப் படை தலைகுனிந்து நிற்கிறது. மீதிப் பாதி பின்வாசல் வழியாக வெளியே போய், மணலில் இறங்கி, பனைமரத்தான் முன்னால் போக, நேரே கடலைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறது.

ஐப்பசிக் கடல் எப்படி இருக்கும் என்று கரைக்காரர்களுக்குத் தெரியும். எங்கள் கரையில் கொஞ்சம் தள்ளினாலே பள்ளம். ஜவுளிக்கடைப் பிள்ளைகளுக்கு நீச்சல் ஏது? பெஞ்சுப் பக்கம் பார்த்தேன். பங்குச் சாமியார் முதற்கொண்டு எங்கள் ஆட்கள் எல்லாரும் கண்மூடி நிற்கிறார்கள். மற்ற மதத்துப் பெற்றோர்கள், நாம் குறுக்கே பேசக் கூடாது என்று மரியாதையாக எழுந்து கைகட்டி நிற்கிறார்கள். அப்பா நெஞ்சில் கைகூப்பி, உதடு மட்டும் அசைய நிற்கிறார். ஜெபத்தின் நடுவில் யாராவது இருமினாலே பிறகு அரைமணி நேரம் கண்டிக்கிற மனிதர் அவர். யாருடைய ஒரு வார்த்தைக்காக நான் மாதக்கணக்காகத் தவம் கிடந்தேனோ அவர் எதிரில், பங்கே மௌனமாக நிற்கும்போது, நான் வாயைத் திறக்க வேண்டும்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேதான் கத்தினேன். "ஹால்ட்!"

சாமியார் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். ஆனால் மணல்வெளியில் எதிர்க்காற்று. என் சத்தம் என்னிடமே திரும்பி வந்தது. தொப்பியை எறிந்துவிட்டு ஓடினேன். பூட்ஸ் மணலில் புதைகிறது, விழுகிறேன், எழுகிறேன், "ஹால்ட்! டேய், ஹால்ட்டுடா!" என்று அலறுகிறேன். முன்வரிசை தண்ணீரில் கால் வைத்துவிட்டது. முழங்கால் அளவு வந்தும் நிற்கவில்லை, பாவிகள்! ஒரு அலை வந்து கடைசி வரிசைப் பொடியன் ஒருவனைப் புரட்டிப் போட்டது. ஓடிப்போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினேன். அவன் கையிலிருந்த துப்பாக்கி மட்டும் கடலோடு போனது. என் உயிரையெல்லாம் திரட்டி, "அபௌட் டர்ன்!" என்றேன்.

திரும்பினார்கள். இடுப்பளவுத் தண்ணீரில், ஒரே வீச்சில், எல்லாரும் ஒன்றாகத் திரும்பினார்கள். மூன்று மாதப் பயிற்சியில் ஒருநாளும் அவ்வளவு அழகாகத் திரும்பியதில்லை.

கரையேறியதும் பனைமரத்தானைப் பிடித்து உலுக்கினேன். "கண்ணு தெரியலையாடா? எதிர்ல கடல்டா, கடல்!"

அவன் தண்ணீர் சொட்டச் சொட்ட விறைப்பாக நின்றான். "தெரிஞ்சுது அண்ணாச்சி. நீங்க நிறுத்தச் சொல்லலியே?"

தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த குப்பத்து ஆள் ஒருவர், மிதந்து போன துப்பாக்கியை எட்டி எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "இன்னா நைனா, பச்சப் புள்ளைங்கள இட்டுக்கினு வந்து கடல்ல எறக்குறியே! கப்பல் படைன்னு நெனச்சுக்கினியா?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

மேஜர் பின்னாலேயே வந்துவிட்டார். மணலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தனையோ பட்டாளங்களைப் பார்த்திருக்கிறேன், கட்டளை வரவில்லை என்று கடலுக்குள் போனதை இங்கேதான் பார்க்கிறேன்" என்று இங்கிலீஷில் சொல்லி, பனைமரத்தானின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பையன்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஐயர் வீட்டுப் பையன் மட்டும், "நனைஞ்சுண்டு போனா அம்மா உள்ளயே விடமாட்டா" என்று முணுமுணுத்தான். எல்லாரையும் மைதானத்துக்கு ஓட்டினேன். அவர்கள் பாடிக்கொண்டே போனார்கள்.

நான் போகவில்லை. அங்கேயே மணலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வருவது தெரிந்தது. செருப்பை ஒரு கையிலும் என் தொப்பியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். அந்தத் தொப்பியை என் மடியில் போட்டார். வேட்டி மடிப்புக் கலைவதைப் பற்றிக் கவலைப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்த இடத்துல கத்தின?" என்றார்.

"ரெண்டாவது மங்கள வார்த்தை நடுவுலப்பா." வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார். பிறகு, "எனக்குக் கேட்டுச்சுடா" என்றார். "ஏதோ விபரீதம்னும் புரிஞ்சுது. அப்பவும் நான் கண்ணைத் திறக்கல. மூணாவதையும் சொல்லி, முழுசா முடிச்சுட்டுத்தான் திறந்தேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் மணலில் விரலால் எதையோ கீறிக்கொண்டிருந்தார்.

"நான் கண்ணைத் திறந்தப்ப நீ அந்தப் பொடியனைத் தூக்கிக்கிட்டு நிக்கிற."

"அப்பா, நானும் முதல்ல நின்னுட்டேன்ப்பா..."

"சும்மா இரு. அந்த மனுவைக் கொண்டா. கையெழுத்துப் போடறேன்."

எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. எத்தனை மாதத்து ஆசை! ஆனால் அவர் வேட்டி விளிம்பில் ஒட்டியிருந்த ஈர மணலைப் பார்த்தேன். இவரை விட்டுவிட்டுப் போகப்போகிறேன் என்பது அப்போதுதான் முதல் தடவையாக உறைத்தது. "அம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றார். "சொல்றப்ப நீ வீட்ல இருக்காதே."