மேல் போல்ட் முதலில்

வருசநாட்டில் எங்களிடம் ஒரு பழைய ஜீப் உண்டு. எங்கள் பக்கம் 108 ஆம்புலன்ஸ் வராத காலத்தில் நடந்தது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வாசலில் வைத்தே கியர்பாக்ஸுக்கும் பின் அச்சிலுள்ள டிபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டிக்கும் ஆயில் மாற்ற உட்கார்ந்தார். இரண்டுக்கும் தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில்தான் என்று தேனியில் விசாரித்து வாங்கி வந்திருந்தோம்.

கியர்பாக்ஸ் வேலை சுலபமாக முடிந்தது. அடுத்து, டிபரன்ஷியலில் பழைய ஆயிலை வடிக்க அடி போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டார். புது ஆயில் ஊற்றும் துளையை மூட மேலே தனி போல்ட். அதைச் சுற்றி ஒரே துரு.

"ஏங்க, மொதல்ல மேல் போல்ட்டு தெறக்குதான்னு பாருங்க. அது வரலைன்னா புது ஆயில எங்கிட்டு ஊத்துவீக?" என்றேன்.

"எல்லாம் வரும்டி" என்று அலுத்துக்கொண்டாலும் முயன்று பார்த்தார். போல்ட் அசையவே இல்லை. ஸ்பேனர் வழுக்கி, போல்ட்டின் தலைதான் மழுங்கியது.

அந்த நேரம் பக்கத்து வீட்டுச் செல்வி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "அக்கா, எங்க வீட்டுக்காரவுக தென்னமரத்துல இருந்து விழுந்துட்டாக!"

செல்வியின் கணவரை ஜீப்பில் படுக்கவைத்துத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பழைய ஆயிலாவது உள்ளே இருந்ததால் வண்டி நிற்காமல் போய்ச் சேர்ந்தது. இடுப்பெலும்பு முறிந்து உள்ளே ரத்தம் கசிந்திருந்ததாம். நேரத்தோடு வந்ததால் பிழைத்தார் என்றார் டாக்டர். அடி போல்ட்டை முதலில் கழற்றியிருந்தால் பழைய ஆயிலும் வடிந்து, புது ஆயில் ஊற்றவும் வழியில்லாமல் ஜீப் வாசலிலேயே நின்றிருக்கும்.

மறுநாள் மெக்கானிக் உளி வைத்துத் தட்டி அந்த மேல் போல்ட்டை எடுத்துவிட்டுப் புதிது போட்டார். இப்போதெல்லாம் ஆயில் மாற்றும் நாளில் அதை நான்தான் கழற்றுகிறேன். அது என் கைக்கு வந்த பிறகே என் கணவர் ஜீப்புக்கு அடியில் போகிறார்.

– வருசநாட்டு வாசகி