வெளிச்சம் படக்கூடாத படம்

கப்பலில் போட்டோ டிபார்ட்மென்டை நடத்தினேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் என்னைப் பெரிய துரை என்று நினைத்துக்கொள்கிறார்கள். டிபார்ட்மென்ட் என்பது இயந்திர அறைக்கு மேலே இரண்டு பொந்துகள். ஒன்றில் படம் கழுவுவோம், மற்றதில் படம் காயும். ஆட்கள் மூன்று பேர்: நான், ஒரு கோவாக்காரர், ஒரு கொழும்புக்காரர். எங்களுக்கு மேலே இருந்த வெள்ளைக்காரர் பினாங்கில் காய்ச்சலோடு இறங்கிப்போனார். வேறு ஆள் வரும்வரை நீ பார்த்துக்கொள் என்றார்கள். வேறு ஆள் வரவே இல்லை. பதவியைக் கொடுக்காமல் வேலையை மட்டும் கொடுப்பதில் கம்பெனிக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

இருந்தாலும் அந்தப் பொந்துகளை நினைத்தால் எனக்கு இன்றும் ஏக்கமாக இருக்கிறது. கடல் புரளும் நாளில் மருந்துத் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, கப்பல் சாயும் பக்கத்துக்கு எதிராக நாங்களும் சாய்வோம். நல்ல தண்ணீர் அளந்துதான் கிடைக்கும். அதனால் படங்களை முதலில் கடல் தண்ணீரில் அலசிவிட்டுக் கடைசியில்தான் நல்ல தண்ணீரில் முக்குவோம். கோவாக்காரர் இருட்டில் பாடுவார். அவருக்குப் பாட வராது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

வேலையின் ஒழுங்கு இதுதான். துறைமுகத்தில் பயணிகள் ஏணியில் ஏறி வரும்போதே ஒவ்வொருவரையும் நிறுத்திப் படம் எடுத்துவிடுவோம். மறுநாள் காலையில் எல்லாப் படங்களும், மூலையில் நம்பர் எழுதி, சாப்பாட்டு மண்டபத்து வாசல் பலகையில் இருக்கும். வேண்டுகிறவர்கள் நம்பரைச் சொன்னால் போதும், முகத்தை நாங்கள் பார்ப்பதே இல்லை. பயண முடிவில், கேமராவில் முதலில் படம் பதியும் கண்ணாடித் தகடுகளில் யாரும் கேட்காதவற்றைச் சோடாக்காரம் போட்ட வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டிவிடுவோம். எத்தனை சீமாட்டிகளின் சிரிப்பைச் சுரண்டியிருப்பேனோ, கணக்கே இல்லை.

ஒரு தந்திரமும் உண்டு. பலகையில் குத்தும் மாதிரிப் படத்தை வெயிலில் வைத்து அச்செடுக்கிற மலிவான தாளில் போடுவோம். அதை ஹைப்போ என்ற உப்பு மருந்தில் முக்கினால்தான் நிலைக்கும். நாங்கள் முக்க மாட்டோம். மாதிரியை அறைக்கு எடுத்துப்போய் அப்படியே அமுக்கிவிடலாம் என்று நினைக்கும் சீமாட்டிக்கு, பகல் வெளிச்சம் பட்டுப் பட்டு இரண்டே நாளில் மூக்கும் முழியும் கறுத்துப்போகும். அப்புறம் தானாகவே வந்து நம்பர் சொல்வாள். நாங்கள் மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்போம்.

நான் பிறந்தது சின்னக்கானல் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில். அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர். அவர் காலமானபிறகும் அம்மா கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு மூன்று வார லீவு கிடைத்தபோது, கப்பலில் கழித்துப்போட்ட பழைய கேமரா ஒன்றைக் கேட்டு வாங்கி, போடியிலிருந்து தலைச்சுமையாக மலைக்கு ஏற்றினேன். அந்த மலையில் துரை பங்களாவைத் தவிர எந்த வீட்டிலும் படம் கிடையாது. ஊரார் மூக்கில் விரல் வைக்கட்டும் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

எங்கள் லயத்தில் அடுத்த வீட்டுக்காரியை நான் சித்தி என்பேன். உறவு இல்லை, பழக்கம்தான். புருஷனை இழந்தவள். ஒரே மகள். அந்த மாதம்தான் மகளுக்குக் கல்யாணமாகியிருந்தது. மாப்பிள்ளை பினாங்கு ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாள் சேர்க்கும் ஆள்கட்டில் பெயர் கொடுத்திருந்தான். இன்னும் சில நாளில் இருவரும் புறப்பட வேண்டும். சித்தி என்னிடம் வந்து நின்றாள்.

"தம்பி, அவ போனா திரும்பி வருவாளோ வரமாட்டாளோ. எனக்கு அவ மொகம் வேணும்."

முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் படம் எடுத்தேன். அம்மாவின் வீட்டு ஜன்னலில் கம்பளி கட்டி அதையே இருட்டறை ஆக்கினேன். இரண்டாம் ஞாயிறு சாயங்காலம், காலையில் ஆள் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக் கொட்டகையில், கப்பலில் செய்கிற மாதிரியே மாதிரிப் படங்களை நம்பரோடு பலகையில் குத்தினேன். கூட்டம் நெருக்கித் தள்ளியது. சித்தி தன் மகளின் படத்துக்கு முன்னால் நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். நான் தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணியை, அவர் தினமும் பெயர் கூப்பிடும் மேசையிலேயே உட்காரவைத்து, யாருக்கு எந்தப் படம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

"நம்பரச் சொல்லு. அடுத்தாளு வா," என்று கங்காணி கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை சித்தியின் மகள் போடிமெட்டு இறங்கிப் போய்விட்டாள். வியாழக்கிழமை நான் பட்டியலில் இருந்த நம்பர்களுக்கெல்லாம் படம் போட்டு முடித்தேன். பட்டியலில் இல்லாத தகடுகளைப் பழக்கதோஷத்தில் வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினேன். சுத்தமான கண்ணாடி ஆயிற்றே என்று சபை உபதேசியார் வாங்கிப்போய் வேதக்கோவில் ஜன்னல் ஓட்டைகளில் பொருத்திவிட்டார்.

மூன்றாம் ஞாயிறு படங்களைக் கொடுத்தபோது கொட்டகையில் ஒரே களேபரம்.

"இது யாரு பொண்டாட்டி? எனக்கு எதுக்கு?" என்றான் ஒருவன். பிரம்மச்சாரி ஒருவன் கையில் ஆறு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் இருந்தது. எல்லோரும் சிரிக்க, எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

"நீங்க சொன்ன நம்பருக்குத்தான படம் போட்டேன்? கண்ணு எங்க போச்சு உங்களுக்கு?" என்று கத்தினேன்.

அம்மாதான் அதட்டினாள்.

"ஏலே, பெரட்டுக்களத்துல கங்காணி நம்பர் என்னன்னு கேட்டா நாங்க என்னத்தச் சொல்லுவோம்? முப்பது வருசமா எங்க பேர் நம்பரத்தான கேக்காங்க."

அப்போதுதான் உறைத்தது. செக்ரோல் என்கிற தோட்டத்து ஆள்பதிவேட்டில் அவரவர் பெயருக்கு ஒரு நம்பர் உண்டு. கூலிக்கும் அரிசிக்கும் கம்பளிக்கும் அதைத்தான் சொல்வார்கள். அந்த மேசை முன்னால் அதையே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த லயத்தில் பிறந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கப்பல் காற்று என் மூளையைத் துடைத்துவிட்டது.

பெரும்பாலான படங்களைக் கைமாற்றிக்கொண்டார்கள். சித்தி கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றாள்.

"முப்பத்தெட்டுன்னு சொன்னேன் தம்பி, யாரோ ரெண்டு பேரு வந்திருக்காங்க. எம்பிள்ள படத்தக் குடு."

மகள் படம் பதினொன்று. பதினொன்று என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. தகட்டைச் சுரண்டிவிட்டேன் என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"அழிச்சது திரும்ப வராதோ?" என்று கேட்டாள்.

பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். பலகையில் குத்திய மாதிரி இருந்தது, கொஞ்சம் பழுத்த நிறமாக. ஹைப்போ ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. விடிந்தால் நான் மலை இறங்க வேண்டும்.

"சித்தி, இது வெளிச்சம் பட்டா கறுத்துரும். கப்பலுக்குக் கொண்டுபோயி மருந்துல முக்கி அனுப்புதேன்."

"வேண்டாம் தம்பி. ஒருக்கா கைய விட்டுப் போனது போதும்."

"அப்ப வெளிச்சம் படாம மூடியே வையுங்க. அடுத்த லீவுல வந்து முக்கித் தாரேன்," என்றேன்.

அடுத்த லீவு இரண்டு மழைக்காலம் கழித்துத்தான் வந்தது. இடையில் நான் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. பயணிகள் ஏணியில் ஏறிக்கொண்டே இருந்தார்கள், நானும் பலகையில் குத்திக்கொண்டே இருந்தேன். சீமாட்டிகளின் மாதிரிப் படம் கறுத்தது என்று கோவாக்காரர் சிரிக்கும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வராது.

மலைக்கு வந்த மறுநாளே ஹைப்போவோடு சித்தி வீட்டுக்குப் போனேன். படம் கறுத்துத்தான் இருக்கும், என்ன சமாதானம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். பட்டப்பகலில் கதவையும் ஜன்னலையும் அடைத்துக் குப்பிவிளக்கை ஏற்றினாள். தகரப்பெட்டியைத் திறந்து, கம்பளித் துண்டை விரித்து, அதற்குள்ளிருந்த குடைத்துணியைப் பிரித்தேன். படம் நான் கொடுத்தபடியே இருந்தது. புதுச் சேலை, வெயிலுக்குச் சுருக்கிய கண், லேசான முறைப்பு, எதுவும் மங்கவில்லை.

"எத்தன தடவ வெளிய எடுத்துப் பாத்திய சித்தி?"

"ஒரு தடவகூட இல்ல தம்பி. எடுத்தா அழிஞ்சிரும்னு நீதான சொன்ன? பெட்டியத் தொட்டுக்கிடுவேன்."

அந்தத் தாளை நாங்கள் கப்பலில் இதேபோன்ற விளக்கடியில் மணிக்கணக்காக வெட்டி அடுக்குவோம். அதற்கு ஒன்றும் ஆகாது. கறுக்க வைப்பது பகல் வெளிச்சம். கதவை அடைத்து இந்தக் குப்பிவிளக்கை ஏற்றி, இரண்டு வருஷமும் ஒவ்வொரு நாளும் அவள் மகளின் முகத்தைப் பார்த்திருக்கலாம். படத்தைக் கொடுத்த அன்று அதை ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

சித்தி விளக்குக்கும் படத்துக்கும் நடுவே உள்ளங்கையை வைத்து மறைத்தாள். படத்தைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தாள்.

"சீக்கிரம் முக்கு தம்பி, வெளக்கு படுது."

முக்கினேன். இந்த விளக்குக்கு அது கறுக்காது என்று அன்றைக்கு அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் கண் மூடும்வரை சொல்லவில்லை.