கோம்பி ஆறும்வரை

வால்டெனிஸ் பழைய கோம்பி வேன் ஒன்று வாங்கப்போகிறாள் என்று தெரிந்ததும், ஒசாஸ்கோ நகரின் அந்த மேட்டுத்தெரு முழுக்க மெக்கானிக் ஆகிவிட்டது. முடிதிருத்துபவர் டயரைப் பார்க்கச் சொன்னார். ரொட்டிக்கடைக்காரர், கூட ஒரு ஆம்பளையைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

"எந்த ஆம்பளைய? ஒன்னையா? நீ சைக்கிளையே செவுத்துல சாத்தி வச்சுத்தான ஏறுவ" என்று கேட்டுவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

கணவன் இறந்த பிறகு அவள் கொழுந்தன் எடினால்டோவின் கோம்பியில்தான் சனிக்கிழமைச் சந்தைக்குப் பஸ்தேல் விற்கப் போய்வந்தாள். உட்கார்ந்துகொண்டு போனாள் என்று சொன்னால் பாதி பொய். விடிகாலையில் வண்டி முரண்டு பிடித்தால் இறங்கித் தள்ளுவது அவள்தான். பஸ்தேலுக்கு மாவு தேய்ப்பது, இறைச்சி வைத்து மடிப்பது, பொரிப்பது எல்லாம் அவள். முழங்கை வரை எண்ணெய் தெறித்த புள்ளிகளும் அவளுடையவைதான். எடினால்டோ ஸ்டியரிங்கைப் பிடிப்பான், பிறகு கரும்புச்சாறு குடிப்பான். அப்படிப்பட்டவன் ஒரு சனிக்கிழமை கடைக்கு மேலே புதுப் பதாகை கட்டினான். 'எடினால்டோ பஸ்தேல்' என்று சிவப்பில், பக்கத்தில் அவன் சிரிக்கிற படத்தோடு. வால்டெனிஸ் அண்ணாந்து பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். ஏப்ரனோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சந்தையில் அந்த இடம் அவள் பெயரில் இருந்தது. ஆனால் தொடர்ந்து மூன்று சனிக்கிழமை காலியாகக் கிடந்தால் வேறு ஆளுக்குப் போய்விடும். இரண்டு ஏற்கெனவே போய்விட்டன. "வண்டி இல்லாம அண்ணி எங்க போயிடுவாங்க? தானா வருவாங்க" என்று எடினால்டோ மதுக்கடையில் சொன்னது அவள் காதுக்கும் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் குமெர்சிண்டோவின் முற்றத்தில் போய் நின்றாள். பழைய வண்டிகளை வாங்கி, பூசி, விற்பவன். வெள்ளை கோம்பி கல்யாணப்பெண் மாதிரி பளபளத்தது.

"தனியாவா வந்தீங்க அக்கா? வீட்டுல ஆம்பளைங்க..?"

"வீட்டுல பூனை இருக்கு. அது ஆம்பளைதான். தூங்குது."

பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தாள். கேஸ் சிலிண்டர் கடைக்காரன் விளம்பரத்துக்குக் கொடுப்பது, எல்லார் வீட்டு ஃபிரிட்ஜிலும் இருப்பது. கதவில் வைத்தாள், ஒட்டியது. வலது பக்கம் சக்கரத்துக்கு மேலே வைத்தாள். தொப்பென்று விழுந்தது.

"இங்க தகரம் இல்ல. ஓட்டைய அடைச்சுப் பூசுன மாவு. நான் பஸ்தேல்காரி, எனக்கு மாவு தெரியும்."

எடினால்டோ கால்பந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் வண்டியிலும் இதை ஒட்டிப் பார்த்திருந்தாள். அங்கே காந்தம் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. தனியாகச் சிரிக்கவும் ஏதாவது வேண்டுமல்லவா.

பிறகு முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டாள்: "இஞ்சின்ல தண்ணி மாத்தினீங்களா தம்பி?"

குமெர்சிண்டோவின் கண்ணில் விளக்கெரிந்தது. "நேத்துதான் மாத்தினேன் அக்கா. ஃபில்டர் தண்ணி!"

"அப்படியா? எங்க ஊத்துனீங்க, காட்டுங்க பாப்போம்."

அவன் வண்டியின் முன்பக்கம் போனான், பின்பக்கம் போனான். அந்தக் கால கோம்பி காற்றிலேயே ஆறுகிற வண்டி. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவும் அதில் இடம் கிடையாது.

"இனிமே நெசம் மட்டும் பேசுவோம்" என்று பின்பக்கம் போய் இஞ்சின் மூடியில் கை வைத்தாள். சூடு. "நான் வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்கீங்க. சூட்டுல எந்தக் கோம்பியும் பாடும். ஆறட்டும்."

"அக்கா, அது சாயங்காலம் ஆயிடும்..."

"ஆகட்டும். பூண்டு உரிக்கணும்."

உண்மையிலேயே கொண்டுவந்திருந்தாள். வண்டிப் படியில் உட்கார்ந்து உரித்தாள். தோல் பறந்து முற்றமெல்லாம் விழுந்தது. குமெர்சிண்டோ முதலில் முறைத்தான், அப்புறம் காப்பி கொண்டுவந்தான், கடைசியில் தானும் நாலு பல் உரித்தான்.

மூடி ஜில்லென்று ஆனதும் எழுந்தாள். மூடியைத் திறந்து, இஞ்சினின் பெல்ட் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தாள். ஆட்டமில்லை, 'டக்' என்ற சத்தமும் இல்லை; இஞ்சின் உள்ளே தேயவில்லை. உள்ளுக்குள் அவளுக்கு மூச்சு வந்தது, வெளியே காட்டவில்லை. சாவியைத் திருப்பினாள். இருமியது, அணைந்தது. மறுபடி இருமியது. நெடுநேரம் கெஞ்சிய பிறகுதான் பிடித்தது. பிடித்தபின் சீராக ஓடியது.

"இவ காலைல சண்டி பண்ணுவா. அத மறைக்கத்தான சூடு பண்ணீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "ஆமாக்கா."

"மாவுக்குக் கொறச்சுக்குங்க, சண்டிக்குக் கொறச்சுக்குங்க. அந்தப் பெட்ரோல் குழாய் வெடிச்சிருக்கு, இங்கயே புதுசு போடுங்க. எரிஞ்சு சாக எனக்கு நேரமில்ல."

இருட்டுவதற்குள் வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து, மேட்டின் உச்சியில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தினாள். சக்கரத்துக்குக் கல் வைத்தாள். இறங்கும்போது, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்த மாவுப் பூச்சின்மேல் ஒருமுறை தடவிக்கொடுத்தாள்.

சனிக்கிழமை விடியலில் பனி. அடுப்பு, எண்ணெய், மாவு எல்லாம் ஏற்றிச் சாவியைத் திருப்பினாள். இருமல் மட்டும்தான். எடினால்டோ தன் வாசலிலிருந்து சாவகாசமாக வந்து, வண்டிக்கு முன்னால் கைகட்டி நின்றான்.

"என்ன அண்ணி, மூணாவது சனிக்கிழமையும் போச்சா? என் வண்டில எடம் இருக்கு, ஏறுங்க. தள்ளக்கூட ஆளில்லாம எதுக்கு இந்த வீம்பு?"

அவள் இறங்கி, கல்லை எடுத்து நடைபாதையில் போட்டாள். ஏறி உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, இரண்டாவது கியர் போட்டு, ஹேண்ட்பிரேக்கில் கை வைத்தாள்.

"எடினால்டோ, வழிய விடுங்க. இவளுக்கு மேடு போதும்."

பிரேக்கை விட்டாள். அவன் குதித்து ஒதுங்கினான். பாதிச் சரிவில் கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, தெரு முழுவதையும் எழுப்புகிற சத்தத்தில் பிடித்துக்கொண்டது. வால்டெனிஸ் ஹாரனை அழுத்திய விரலைச் சந்தைக்குத் திரும்பும் முனை வரை எடுக்கவேயில்லை.