பத்தாவது மனு

மூன்றாவது மாடித் திருப்பத்தில் வெலிச்கா நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படிக்கிறார். ‘லிஃப்ட் பழுது. பொறுத்தருள்க.’ பதினோரு வருடமாக அதே காகிதம் அதே சுவரில் இருக்கிறது. இருந்தும் ஒவ்வொரு முறையும் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை நிதானமாகப் படிப்பார். படித்து முடித்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே ஏறுவார். எதிரே யாராவது இறங்கி வந்தால், “இந்த வாரமாவது சரி பண்ணுவாங்களான்னு பாத்தேன்” என்பார்.

அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி. குட்டையான, அகலமான உருவம். டான்யூப் கரையிலுள்ள எங்கள் ஊரில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தவர். இன்றைக்கும் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும், வணக்கம் சொல்வதற்கு முன்னால் கண் மீட்டர் இருக்கும் இடத்துக்குப் போய்விடும். ஆட்களையும் பெயரால் சொல்வதில்லை. “அந்த அறுபத்து நாலு படி அம்மா”, “நாப்பது படிக்காரர்” என்பதுதான் அவர் வழக்கம். படி எண்ணிக்கை தெரிந்தால் ஆளைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி என்று நினைக்கிறார்.

ஓய்வு பெற்ற பிறகும் படிகள் அவரை விடவில்லை. அல்லது அவர் படிகளை விடவில்லை. தேர்தல் அறிவித்த மறுநாள் காலை பை தோளில் ஏறிவிடும். எங்கள் நாட்டில் இப்போதெல்லாம் ஒரு அரசு கவிழ்வதற்குள் அடுத்த தேர்தலுக்குச் சுவரொட்டி தயாராகிவிடுகிறது. அதற்காகச் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் வெலிச்காதான் என்று முடிதிருத்தகம் வைத்திருக்கும் கிரும் கேலி செய்வார். பையில் இருப்பவை மனுப் படிவங்கள், நான்கு பேனாக்கள், ஒரு மடக்கு அளவுகோல். வாக்குச்சாவடியாகும் பள்ளிக்கூடத்தின் வாசற்படியை அந்த அளவுகோலால் அளந்து, நகராட்சிக்கு நான்கு முறை எழுதிச் சரிவுப் பாதை போட வைத்தார். போட்டார்கள். மறுவாரமே அதன் கம்பியில் யாரோ சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். வெலிச்கா சைக்கிளுக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றார். சைக்கிள்காரர் வந்து எடுத்துப் போனார். அதன் பிறகு அங்கே யாரும் எதையும் பூட்டவில்லை.

படியிறங்கவே முடியாதவர்களுக்குச் சரிவுப் பாதையால் என்ன பயன்? அவர்களுக்கென்று ஒரு விதி இருக்கிறது. நிரந்தர ஊனச் சான்றிதழ் உள்ள பத்துப் பேர் இரண்டு வாரத்துக்கு முன்பே மனுக் கொடுத்தால், தேர்தலன்று வாக்குப்பெட்டியே அவர்கள் வீட்டுக்கு வரும். ஒன்பது பேர் கொடுத்தால் வராது. வெலிச்கா ஏறுவதெல்லாம் அந்தப் பத்துக்காகத்தான்.

எந்தக் கட்சி அனுப்புகிறது என்று கேட்காத வீடு கிடையாது. கேட்கக் கூடாது என்பதற்காகவே அந்த ஒரு மாதம் நிறமெல்லாம் விரதம். சிவப்புக் கழுத்துத்துணி பெட்டிக்குள் போய்விடும். நீலக் குடையும் போய்விடும். மழையில் நனைந்துகொண்டே நடப்பார். பச்சை, மஞ்சள் எல்லாவற்றுக்கும் கட்சிகள் சொந்தம் கொண்டாடியாகிவிட்டதால் மிஞ்சியது ஒரு பழுப்புக் கோட்டு. போன வருடம் புதிதாக ஒரு கட்சி பழுப்பில் கொடி அச்சடித்தபோது அவர் கொஞ்சம் ஆடித்தான் போனார்.

யாராவது, “நான் யாருக்குப் போடப் போறேன்னா...” என்று ஆரம்பித்தால் போதும். வெலிச்கா எழுந்து மீட்டரிடம் போய், அதிலுள்ள எண்களை உரக்கப் படிக்கத் தொடங்குவார். “பூஜ்யம், நாலு, ஏழு, ஏழு...” பேச்சு நிற்கும்வரை படிப்பார். எல்லாரும் திருடர்கள், யாருக்கும் போட மாட்டேன் என்பவர்களிடம் மட்டும் கோபமில்லை. “யாரும் வேணாம்னு ஒரு கட்டம் சீட்டுல அடியிலேயே இருக்கு. அதைப் போடறதுக்கும் சீட்டு கைக்கு வரணுமில்ல?” என்பார். கையெழுத்து வாங்கியதும் எல்லோரிடமும் ஒரே ஒரு வேண்டுகோள் வைப்பார்.

“பெட்டி வர்றப்போ எழுந்திருக்காதீங்க. அதுதான் நடந்து வருதே. உக்காந்தே போடுங்க.”

சொல்ல வேண்டியிருக்கிறது. போன தேர்தலில் கீனா என்ற அம்மா, பெட்டியோடு வந்தவர்களைக் கண்டதும் மரியாதைக்காகக் கட்டிலிலிருந்து எழப் போய்க் கீழே விழுந்துவிட்டார்.

இந்த வேலை தொடங்கியதே கீனாவால்தான். லிஃப்ட் பழுதான அந்தப் பக்கத்துக் கட்டடம், நான்காவது மாடி, எழுபத்திரண்டு படி. ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எட்டு வருடத்துக்கு முன் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஒரு தேர்தல் ஞாயிறன்று வாக்களித்துவிட்டு வந்துகொண்டிருந்த வெலிச்காவைப் பார்த்து, ஜன்னலிலிருந்து, “கூட்டமா இருக்கா?” என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. இருக்கிறது என்று வெலிச்கா சொன்னார். சொன்ன பிறகு வீட்டுக்குப் போய் மத்தியானம் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தார். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் அவரை இத்தனை வருடம் ஏற்றி இறக்குகிறது.

அவருக்குத் தேர்தல் நாள் என்பது திருநாள். பள்ளிக்கூடக் கதவு ஏழு மணிக்குத் திறக்கும். ஆறரைக்கே போய் வரிசையில் முதலாவதாக நிற்பார். அவர் படித்த பள்ளிக்கூடம், அவர் உட்கார்ந்த வகுப்பறை. சீட்டைப் போட்டுவிட்டு முற்றத்தில் நின்று, தெரிந்தவர்களோடு பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான பனிட்ஸா பிட்டுத் தின்றபடி, யார் வந்தார் யார் வரவில்லை என்று பேசிக்கொண்டிருப்பார். பிள்ளை குட்டி இல்லாதவர். வருடத்தில் அவர் அலங்கரித்துக்கொண்டு வெளியே போகிற காலை அது ஒன்றுதான்.

இந்த முறை வியாழக்கிழமையே பத்து மனு சேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டிய எவ்லோகியை அவர் மகள் வந்து வார்னா நகரத்துக்குக் கூட்டிப் போய்விட்டாள். மிச்சம் ஒன்பது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நகராட்சியில் கணக்கை முடித்துவிடுவார்கள்.

சனிக்கிழமை காலை முழுக்க வெலிச்கா ஏறாத படியில்லை. ஒருவர் மருத்துவமனையில் இருந்தார், இன்னொருவரிடம் சான்றிதழ் இல்லை. முடிதிருத்தும் கிரும், தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். தனக்கும் முதுகு வலிக்கிறது, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றார். பொய் மனு கொடுத்தால் அடுத்த முறை உண்மையான மனுவையும் நம்ப மாட்டார்கள் என்று வெலிச்கா சொல்லிவிட்டார். மத்தியானம் கீனாவிடம் போய், பெட்டி வராது என்று சொல்ல வேண்டியதாயிற்று. வழக்கம்போல் மூன்றாவது மாடியில் நின்று காகிதத்தைப் படித்துவிட்டுத்தான் போனார்.

கீனா அழவில்லை.

“நீ மூணாவது மாடியில நின்னு நின்னுதான் வர்றே, வெலி” என்றார். “முதல்ல அஞ்சு நிமிஷம் நிப்பே. இப்போ பத்து நிமிஷம். ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். படுத்துக் கிடக்கறவளுக்கு வேற என்ன வேலை?”

வெலிச்கா எழுந்து மீட்டரிடம் போனார். எண்களைப் படிக்கத் தொடங்கினார். கீனா விடவில்லை.

“உன் முட்டிக்கும் சான்றிதழ் குடுத்தாங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க வச்சிருக்கே?”

சமையலறை மேசை இழுப்பறையில், மேசைத்துணிகளுக்கு அடியில் வைத்திருந்தார். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டதாக மருத்துவக் குழு கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய தாள். அதை வாங்கிய அன்று மடித்து வைத்தவர், பிறகு திறந்து பார்க்கவே இல்லை. ஊனம் என்ற சொல்லை ஊரார் பெயருக்கு நேரே நூறு முறை எழுதியிருக்கிறார். தன் பெயருக்கு நேரே எழுத அன்று மத்தியானம் அவருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நகராட்சிச் சன்னலில் பத்து மனுவையும் வைத்தார். அங்கிருந்த பெண் மாயா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் நின்றாள்.

“இது நீங்களா அக்கா?”

“சான்றிதழ் பின்னாடி இருக்கு பாரும்மா.”

“பள்ளிக்கூடப் பட்டியல்லேர்ந்து உங்க பேரை எடுத்துடுவோம். அப்புறம் அங்க போய்ப் போட முடியாது. தெரியுமில்ல?”

“ஊர் முழுக்க அந்த விதியைச் சொன்னதே நான்தான்” என்றார் வெலிச்கா.

தேர்தலன்று ஆறு மணிக்கே பழுப்புக் கோட்டு, தொப்பி, நல்ல காலணி எல்லாம் போட்டுத் தயாராகிவிட்டார். போக இடமில்லை. கதவைத் தாழிடாமல் சாத்திவிட்டு, நடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் பள்ளிக்கூடம் நோக்கிப் போகிற பேச்சுச் சத்தம் கேட்டது. கிருமின் சிரிப்பும் கேட்டது. ஒருமுறை எழுந்து ஜன்னல்வரை போய், திரைச்சீலையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். பதினொரு மணிக்குக் கீனா தொலைபேசியில் கூப்பிட்டு, தான் உட்கார்ந்தே போட்டதாகவும் எழுந்திருக்கவில்லை என்றும் சொன்னார்.

ஒன்றரை மணிக்குக் கீழ்க்கதவு திறந்தது. பெட்டியைக் கொண்டுவரும் நான்கு பேர், நான்கு கட்சியின் ஆட்கள். ஒருவரை ஒருவர் நம்பாததால்தான் பெட்டி பத்திரமாக இருக்கிறது என்று வெலிச்கா சொல்வதுண்டு. அவர் வீட்டுக்கு முப்பத்தாறு படி. அவர்கள் மூச்சு வாங்கும் சத்தத்தோடு கூடவே வெலிச்கா படிகளை எண்ணினார். முப்பத்து நான்கு, முப்பத்தைந்து. கதவு திறந்து, முதலில் பெட்டி உள்ளே வந்தது.

வெலிச்காவின் இரண்டு கையும் தாமாகவே நாற்காலியின் பிடியை அழுத்தின. உடம்பு பாதி எழுந்துவிட்டது. அப்படியே ஒரு கணம் நின்றார். பிறகு மெதுவாகத் திரும்ப உட்கார்ந்து, கோட்டைச் சரிசெய்துகொண்டு, அடையாள அட்டை இருந்த கையை நீட்டினார்.