நிலையத்திலிருந்து தூரமும் திசையும்

இன்டர்நெட் ஊருக்குள் வந்த புதிதில் காவல்துறையில் எங்களுக்கு ஒருநாள் வகுப்பு நடந்தது. பாடம் எடுத்த அதிகாரி அடித்துச் சொன்னார்: "இன்டர்நெட்ல குற்றம் ரொம்ப நாள் ஓடாது. எவன் எதைத் தொட்டாலும் மெஷின் எழுதி வச்சுக்கும். பத்து வருஷத்துல இந்த மாதிரி கேஸே இருக்காது, பாருங்க." நான் நம்பினேன். மதியம் போட்ட பிரிஞ்சி நன்றாக இருந்ததும் ஒரு காரணம்.

அப்போது நான் ஸ்ரீரங்கம் பக்கம் ஒரு நிலையத்தில் ரைட்டர். வருகிற புகாரை எழுதிப் பதிகிற வேலை. அடுத்த மாதமே ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் எல்லையில் குடியிருந்த ஸ்டெல்லா டீச்சர் வந்தார். யாரோ அவர் பெயரில் மெயில் கணக்குத் தொடங்கி, அவருடைய கான்வென்ட் தலைமையாசிரியைக்கு ராஜினாமா அனுப்பிவிட்டார்களாம்.

"திங்கட்கிழமை வேற ஆள் எடுக்கப் போறாங்க சார். போலீஸ் ரசீதாவது கொண்டு வான்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க."

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: சம்பவ இடம், நிலையத்திலிருந்து தூரமும் திசையும். அதைக் காலியாக விட எனக்குக் கை வராது. இன்ஸ்பெக்டரிடம் போனேன்.

"சம்பவம் எங்கய்யா நடந்துச்சு?"

"இன்டர்நெட்லங்கய்யா."

"அது எந்தப் பக்கம்?"

"தெரியலீங்கய்யா."

"ஸ்கூல் எங்க இருக்கு?"

"தஞ்சாவூர் ரோட்லங்கய்யா."

"அப்ப காவேரிக்கு அந்தப் பக்கம். அந்த ஸ்டேஷனுக்கு அனுப்பு."

டீச்சர் நகரவில்லை. "அங்க நேத்தே போயிட்டேன் சார். அனுப்புனவன் எங்க இருக்கானோ அந்த ஸ்டேஷனுக்குப் போங்கன்னாங்க. அது தெரிஞ்சா நான் ஏன் சார் போலீஸுக்கு வரேன்?"

என்ன செய்வதென்று தெரியாதபோது உட்காரச் சொல்வது எங்கள் வழக்கம். பத்து மணிக்கு வந்தார் என்று நாட்குறிப்பில் எழுதிவிட்டுப் பெஞ்சைக் காட்டினேன்.

பன்னிரண்டு மணிக்கும் கட்டம் காலியாகவே இருந்தது. சும்மா கிழக்கு என்று போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் மெயில் எங்கிருந்து வந்தது என்று ஏதாவது தெரியுமா எனக் கேட்கத் தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். சிஸ்டர் கோபமாக இருந்தார்.

"இனிமே என்னங்க விசாரணை? பதினொன்னு இருபதுக்கு அவங்களே இன்னொரு மெயில் அனுப்பிட்டாங்க, முடிவை மாத்த மாட்டேன்னு."

நிமிர்ந்து பார்த்தேன். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து புகார் மனுவால் விசிறிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், பத்து மணியிலேருந்து அவங்க எங்க ஸ்டேஷன்லதான் உட்கார்ந்திருக்காங்க."

"அங்கேருந்தே அனுப்பியிருக்கலாமே?"

"எங்க ஸ்டேஷன்ல கம்ப்யூட்டரே கிடையாதுங்க."

அதுவரை வெட்கத்தோடு சொல்லிவந்ததை அன்றுதான் பெருமையாகச் சொன்னேன். டீச்சர் வந்த நேரத்தை எழுதி, முத்திரை போட்டு ரசீது கொடுத்தேன். கட்டத்தைக் காலியாகவே விட்டேன். யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டீச்சர் மறுபடி வந்தார். "வேலை இருக்கு சார். அன்னிக்கு நீங்க உடனே ரசீது குடுத்து அனுப்பியிருந்தா, அந்த ரெண்டாவது மெயிலும் நான் அனுப்புனதுன்னு வேலை போயிருக்கும்." காக்க வைத்ததற்கு என் சர்வீஸில் நன்றி சொன்ன ஒரே ஆள் அவர்தான். எனக்குக் கூச்சமாக இருந்தது.

மெயில் அனுப்பியவன் கிடைக்கவில்லை. மெயில் போன பிரவுசிங் சென்டர்வரை போனோம்; வருகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: பெயர் ராஜா, ஊர் திருச்சி.

அதிகாரி சொன்ன பத்து வருடம் இரண்டு முறை போய்விட்டது. அந்த நிலையத்தில் இப்போது நாலு கம்ப்யூட்டர், வருகிற புகாரில் பாதி இன்டர்நெட் புகார். புதிதாக வரும் ரைட்டர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கட்டம் நிரம்பவில்லை என்று ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள். முதலில் அவர் வந்த நேரத்தை எழுதுங்கள்.